ஊசலுக்குச் சந்தனம்

அக்டோபர் 3

மின்னஞ்சல் வந்திருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. இயற்பியல் ஆசிரியை வேலை. இருபத்தாறாம் தேதி மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். ஒரே நிபந்தனை: வகுப்பில் காட்டும் கருவி கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது.

நிலைமின் ஊசல் செய்யலாம் என்றிருக்கிறேன். எதிரெதிரே இரண்டு உலோகத் தட்டுகள். நடுவில் நூலில் தொங்கும் பந்து. ஒரு தட்டுக்கு உயர் மின்னழுத்தம், மற்றது தரையோடு இணைப்பு. பந்து இரண்டுக்கும் இடையே தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

மதியம். அப்பா முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டே கூப்பிட்டார்.

"குழம்புல உப்பே இல்லன்னு ஒங்கம்மாட்ட சொல்லு."

அடுப்படிக்குப் போனேன். "அம்மா, அப்பாவுக்கு உப்பு கொஞ்சம் வேணுமாம்."

"தூத்துக்குடி உப்பளம் பூரா அவரு நாக்குலதான் கெடக்கு. போயிச் சொல்லு."

முன்னறைக்கு வந்தேன். "போட்டுத் தாராளாம்ப்பா."

உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தது நான்.

அக்டோபர் 5

எங்கள் வீடு ரயில் பெட்டி போல நீளம். முன்னறை அப்பாவுக்கு. லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் போகும் வண்டிகளைப் பார்த்து எத்தனை டன் ஏற்றியிருக்கும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசியில் அடுப்படியும் தையல் மிஷினும். அது அம்மாவுக்கு. நடு அறையில் நான், என் மேசை, இனிமேல் இந்தக் கருவி.

அவர்கள் பேசிக்கொள்வதில்லை. ஆறு வருடமாக. நான் டியூஷனுக்குப் போயிருக்கும்போது சாப்பாடு தயாரானால் அம்மா தட்டில் கரண்டியால் இரண்டு முறை தட்டுவாள். அப்பா இருமினால் கேட்டது என்று பொருள். மற்றதெல்லாம் நான் வந்த பிறகு.

கொசு பேட்டைப் பிரித்தேன். அதன் சர்க்யூட்டில் டையோடும் கெபாசிட்டரும் அடுக்கடுக்காகச் சேர்த்தால் சில ஆயிரம் வோல்ட் வரை ஏற்றலாம். கை பட்டால் ஆபத்தில்லாதபடி வரிசையில் பெரிய மின்தடைகள்.

தட்டுகளுக்கு எவர்சில்வர் போதும். பொருத்தமான இரண்டில் ஒன்றை எடுக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

"அது ஒங்கப்பா சாப்புடுத தட்டு. அவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எடு."

கேட்டேன்.

"தட்டுக்கு ஒரு கேள்வியா? எடுத்துக்கோ. நான் தரையில போட்டுத் திங்கேன்னு சொல்லு."

"சரின்னுட்டாரும்மா."

அக்டோபர் 8

தெர்மாகோல் பந்து. பரோட்டா பொட்டலத்தின் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் அதன் மேல் ஒட்டினேன். தொங்கவிட்டது தூண்டில் நரம்பில். பருத்தி நூல் ஈரம் குடிக்கும். தட்டுகளுக்குக் கால் பிவிசி குழாய்.

இயக்கினேன். பந்து ஒரு தட்டில் போய் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

காற்றில் உப்பு. குழாயின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம். மின்னூட்டம் அதன் வழியே கசிகிறது.

அக்டோபர் 9

ஜெனோவா அழைத்தாள். கல்லூரியில் ஆய்வுக்கூடத் தோழி. இந்த வேலை விளம்பரத்தை அனுப்பியதும் அவள்தான்.

"முடிஞ்சிதா?"

"இல்ல. நூல் சரியில்ல."

"முந்தாநாளு பந்து சரியில்லன்ன."

"பந்து சரியாயிட்டு. இப்ப நூலு."

"நாளைக்குத் தட்டா? ஏட்டி வடிவு, கோயம்புத்தூர் வேலைக்குச் சர்டிபிகேட் வரலன்ன. பெங்களூருக்குக் காய்ச்சல்ன்ன. நீ செய்யது மெஷினா சாக்கா?"

"கேக்கல. சிக்னல் இல்ல."

"எனக்கு நல்லா கேக்கே."

வைத்துவிட்டேன்.

அக்டோபர் 12

ஓடுகிறது.

குழாய்களை ஸ்பிரிட்டால் துடைத்து, குண்டு பல்பின் சூட்டில் ஒரு மணி நேரம் காயவைத்தேன். இயக்கிவிட்டு, பந்தை விரலால் மெல்ல ஒரு தட்டின் பக்கம் தள்ளினேன். தொட்டது. தொட்டதும் அந்தத் தட்டின் மின்னூட்டத்தில் கொஞ்சம் அதற்கும் வந்துவிடும். ஒரே வகை ஆகிவிட்டதால் அதே தட்டு அதைத் தள்ளும், எதிர்த்தட்டு இழுக்கும். அங்கே போய் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பும். டிக், டிக், டிக். தகர ஓட்டில் தூறல் விழுவது போன்ற சத்தம்.

அம்மா பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். வெகுநேரம் நின்றாள்.

"ரெண்டும் மாத்தி மாத்தித் தள்ளுது. ஒரு எடத்துல நிக்க விடலியே, பாவம்."

"பந்துக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"நிறுத்துட்டி. பாக்கச் சங்கடமா இருக்கு."

நிறுத்தினேன். சுவிட்சை அணைத்த பிறகும் அது சிறிது நேரம் ஓடியது. மிச்சம் தீரும் வரை ஓடும்.

அக்டோபர் 13

நூலை மாற்றினேன்.

அக்டோபர் 14

பழைய நூலே மேல். மீண்டும் மாற்றினேன்.

அப்பா ரசம் தண்ணியாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறதாம் என்றேன் அம்மாவிடம். அம்மா அடுப்பைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "நெசமாவா சொன்னாரு?" என்றாள். மாலையில் அப்பாவுக்கு வாழைக்காய் பஜ்ஜி போட்டாள்.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அக்டோபர் 16

பந்தை எடுத்துவிட்டுத் தட்டுகளை நெருக்கிப் பார்த்தேன். இடைவெளி ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் இரண்டுக்கும் நடுவே பொறி பறக்கிறது. அடுத்த அறைக்குக் கேட்கும் அளவு சத்தம். வகுப்பில் இதைக் காட்டப் போவதில்லை.

இன்று கோவில்பட்டிப் பெரியம்மாவின் நினைவு நாள். அம்மாவின் அக்கா. தாய் இல்லாத அம்மாவைத் தூக்கி வளர்த்தவள். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. படம் இல்லை, விளக்கு இல்லை. மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்து மூன்றாம் நாள், பெரியம்மா இறந்த செய்தி அப்பாவின் போனுக்கு வந்தது. டாக்டர் அம்மாவை அசையக் கூடாது என்றிருந்தார். அப்பா சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று அவர் மட்டும் கோவில்பட்டி போய்விட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அப்படித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

கடைசியாக முகம் பார்க்கவில்லை. அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அம்மா கோவில்பட்டிக்கு அதன் பிறகு போகவில்லை. அக்கா இல்லாத வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைய என்றாள் ஒருமுறை.

நான் அப்போது மதுரையில் விடுதியில் இருந்தேன். படிப்பு முடிந்து வந்தேன். பிறகு எங்கும் போகவில்லை. சந்தர்ப்பம் அமையவில்லை.

அக்டோபர் 18

அப்பா என் நாற்காலியை இழுத்துப்போட்டு ஊசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடைமேடை முள்ளைப் பார்த்த கண்.

"இது எத்தன கிராம் இருக்கும்?"

"ரெண்டு இருக்கும்ப்பா."

"ரெண்டு கிராமுக்கு என்ன ஓட்டம்! இத எங்கம்மா கொண்டு போற?"

"கிருஷ்ணகிரி."

"போயிட்டு வந்துருவல்லா?"

"வேல கெடச்சா அங்கயே தங்கணும்."

டிக், டிக். அவர் எழுந்துகொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஒங்கம்மா தடுத்தா, நான் போகச் சொன்னேன்னு அவட்ட சொல்லு. பிள்ளய இனிமே பிடிச்சு வைக்காண்டாம்னு சொல்லு."

சாயங்காலம் அம்மா தலைவாரிவிட உட்காரவைத்தாள். சிக்கு எடுத்தபடியே சொன்னாள்: "அந்த வேல வந்தா நீ கெளம்பிரு. ஒங்கப்பா தனியாக் கெடக்கணுமேன்னு மூஞ்சியத் தூக்குவாரு. நான் சொன்னேன்னு அவர்ட்ட சொல்லிரு. பிள்ளய போவவிடச் சொல்லு."

சொல்வதற்கு நேரம் வாய்க்கவில்லை. முன்னறையில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 20

இன்னும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்றையே சொல்லும்போது அதில் தகவல் என்று எதுவும் இல்லை.

கருவி ஓடியது. நாற்பது நிமிடம், நிற்காமல். குறை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்டோபர் 23

ஆயுத பூஜை.

டியூஷன் பிள்ளைகளின் வீட்டில் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசலில் அப்பா தன் ஸ்கூட்டருக்குத் தானே பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் அம்மா வைப்பாள்: தையல் மிஷின், கத்தரி, மிக்ஸி, அரிவாள்மனை, கேஸ் அடுப்பு. ஸ்கூட்டரைத் தொடமாட்டாள்.

நடு அறையில் சாம்பிராணிப் புகை. மேசை மேல் என் ஊசல்.

இரண்டு தட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். குழாய்க் கால்களில் மேலிருந்து கீழாக மூன்று மூன்று கோடு, பன்னீர் விட்டுக் குழைத்தது, இன்னும் ஈரம். பந்தில் ஒரு பொட்டு. நூலில் மஞ்சள். ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குத் தொங்கவிட்ட கேந்திப்பூச் சரம்.

"எல்லாத்துக்கும் வச்சேன். இதுக்கு வைக்காம இருப்பனா? ஒன்னயக் கொண்டு சேக்கப்போறது இதுல்லா" என்றாள் அம்மா.

அழகாகத்தான் இருந்தது. திருவிழா முடிந்து சன்னதிக்குத் திரும்பிய சப்பரம் மாதிரி.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக் கூடாது. அது வழக்கம். தொடவில்லை.

சாயங்காலத்திலிருந்து மழை. ஜன்னலைச் சாத்தியிருக்கலாம்.

அக்டோபர் 24

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

மாலை ஆறு மணிக்கு பெங்களூர் பஸ்; கிருஷ்ணகிரியில் இறங்கிக்கொள்ளலாம். காலையில் பூவை எடுத்தேன். சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன், பிறகு ஸ்பிரிட்டால். இயக்கினேன். பந்து அசையவில்லை. தள்ளிவிட்டேன். இரண்டு முறை சோம்பலாக ஆடி நின்றது. சந்தனம் குழாயின் கீறல்களுக்குள் இறங்கியிருந்தது. நூல் முழுக்க மஞ்சள் தண்ணீரின் தடம். தட்டில் நிற்க வேண்டிய மின்னூட்டம் எல்லாம் மேசைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் நூல். புதிய நரம்பின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பந்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வந்தார்.

"ஓடலியா?"

தலையாட்டினேன். அவர் குனிந்து குழாயை முகர்ந்தார்.

"சந்தனமா? கரண்டு ஓடுத சாமான்ல யாரு இப்பிடி ஈரச் சந்தனத்த அப்பச் சொன்னான்னு ஒங்கம்மாட்ட கேளு."

பல்லில் நரம்பு.

"கேளும்மா. பஸ்சுக்கு நேரம் இருக்குல்லா."

வாயைத் திறந்தால் முடிச்சு நழுவும். நழுவினால் மறுபடி போடலாம். இரண்டு நிமிட வேலை. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு அவரே நடந்தார். அடுப்படி நிலைப்படி வரை போய் நின்றார்.

"ஏட்டி."

அம்மியில் ஓடிக்கொண்டிருந்த குழவி நின்றது.

"ஒன்னத்தான். பிள்ள வேலைக்குப் போவக் கூடாதுன்னா அத வாயில சொல்லணும். சந்தனத்தப் பூசியா கெடுக்கது?"

பிறகு அம்மாவின் குரல். முதலில் கரகரத்து, பிறகு தெளிந்து.

"யாரு கெடுத்தா? பிள்ளய போவவிடுங்கன்னு சொல்லிவிட்டது நானு. கல்லு மாதிரி இருந்தது நீங்க."

"எங்கிட்ட எவ சொன்னா? பிடிச்சு வைக்காதன்னு சொல்லிவிட்டதே நான்தான்."

"எங்கிட்ட எவ சொன்னா?"

இரண்டு பேரும் நடு அறைக்கு வந்தார்கள். அம்மாவின் கையில் தேங்காய்ச் சில்லு. நரம்பை நான் இன்னும் விடவில்லை.

"ஏட்டி வடிவு" என்றாள் அம்மா. "அன்னைக்கு ரசம் நல்லாருக்குன்னு ஒங்கப்பா சொன்னாருன்னு சொன்னியே?"

"ரசமா?" என்றார் அப்பா. "கழனித்தண்ணி மாதிரி இருக்குன்னுல்லா சொன்னேன்."

"கழனித்தண்ணியா?" அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "அதுக்கா நான் பஜ்ஜி போட்டேன்?"

"எதுக்குன்னு தெரியாமத்தான் நானும் தின்னேன்."

ஒரு கணம் இருவரும் சிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அம்மாவின் உதடு அதற்குத்தான் கோணியது. அது வேறாகிவிட்டது.

"பெத்தவரு மாதிரியே பிள்ள. சொல்ல வேண்டியத முழுங்கிட்டு மூஞ்சிய நல்லா வச்சுக்கிடும். எங்க அக்கா செத்தத முழுங்கிட்டு எனக்கு ஆரஞ்சு உரிச்சுத் தந்த மனுசன்தான நீங்க?"

"தையலு பிரிஞ்சிருக்கும்ட்டி. டாக்டர் சொன்னாரு. ஒரே வாரத்துல ரெண்டு பேரையும் தூக்கச் சொல்லுதியா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். என் வயிறு. எங்க அக்கா."

"கேட்டிருந்தா நீ போயிருப்ப."

"போயிருப்பேன்."

"அதான் கேக்கல."

அம்மா என் கட்டிலில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது. அவள் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு சின்னக் குரல்.

"மொகம் எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை ஆறு வருடத்தில் அவள் என்னிடம் கொடுத்தனுப்பவில்லை.

அப்பா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "வீங்கல. தூங்குத மாதிரிதான். மூக்குத்தி போட்டிருந்தா. நீ தச்சுக் குடுத்த நீல ரவிக்கையப் போட்டு விட்டிருந்தாங்க. கையில கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு."

"போட்டுப் பாக்கும்போதே அவளுக்குக் கை இறுக்கமாத்தான் இருந்துச்சு. நான்தான் பிரிச்சுத் தாரேன்னேன்."

கட்டிலில் அப்பாவும் உட்கார்ந்தார். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.

பிறகு நான்கு மணி வரை கருவியைச் சரிசெய்தோம். அம்மா தட்டுகளை எலுமிச்சம்பழம் போட்டு விளக்கினாள். அப்பா புதுக் குழாய் வாங்கி வந்து அறுத்தார். அளவு கோணலாக இருக்கிறது என்று அம்மா அவரிடமே சொன்னாள். மிஷினில் நேராகத் தைக்கத் தெரியாதவள் இதைச் சொல்கிறாளா என்று அவர் அவளிடமே சொன்னார். இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

ஊசல் ஓடியது. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். என்னிடம் யாரும் எதற்கும் விளக்கம் கேட்கவில்லை.

அக்டோபர் 26

மலை தெரியும் வகுப்பறை. காற்று உலர்ந்து இருக்கிறது, உதடு வெடிக்கிறது. பதினோராம் வகுப்பு, கடைசி பெஞ்சில் முதல்வரும் இரண்டு ஆசிரியர்களும். பந்தை விரலால் தள்ள வேண்டியிருக்கவில்லை, நான் சுவிட்சைப் போட்டபோது மேசை அதிர்ந்ததே போதுமானதாக இருந்தது. தூத்துக்குடியில் ஓடியதைவிட இரண்டு மடங்கு வேகம். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"மிஸ், இது எப்ப நிக்கும்?"

"எடுத்துட்டுப் போக ஏதும் இல்லாதப்போ."

பிறகு முதல்வர் தன் அறைக்கு அழைத்தார். வயதான பெண்மணி, குறுகக் கத்தரித்த நரை.

"எங்களுக்குச் சம்மதம். விடுதியிலயே தங்கணும், வருஷத்துக்கு ரெண்டு லீவு. வீட்டுல ஒத்துக்குவாங்களா?"

ஆம் என்றிருக்கலாம். இருவருமே என்னிடம் சொல்லியாகிவிட்டது.

"கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்றேன்.

"நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லுங்க. இன்னொருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்க."

விருந்தினர் அறையில் படுத்திருக்கிறேன். கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 27

காலையில் அழைத்தேன். அம்மா எடுத்தாள்.

"சொல்லுட்டி. சாப்பிட்டியா? அங்க குளிருதா?"

"அம்மா, வேல..."

"இரி, இரி. என்னங்க, அந்தப் பைய எடுக்காதீங்க, அதுல ஜிப்பு போயிட்டு."

தூரத்தில் அப்பா: "வேற எது இருக்கு?"

"பீரோ மேல."

"எங்கம்மா போறீங்க?"

"கோவில்பட்டிக்கு. அக்கா வீட்டுக்கு. நான் மட்டும் போறேன்னேன், கேட்டாத்தான? என்னங்க, நீங்க வரவே வேண்டாம்."

"நான் வராம? ஒங்க அக்கா மவன் என்ன ஏதுன்னு கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன்."

"அதுக்குத்தான் வாரேன்ங்கேன். ஒம்பது மணி பஸ்சு."

"ஒம்பது மணி பஸ்சு எட்டயபுரத்துல அர மணி நேரம் நிக்கும். பத்து மணிக்குப் போலாம்."

"பத்து மணி வெயிலு ஒனக்கு ஆவாது. தல சுத்தும்."

"எனக்கு என்ன ஆவும், என்ன ஆவாதுன்னு எங்கிட்ட கேளுங்க."

பீரோ மேலிருந்து பை இறங்கும் சத்தம்.

"சரி. கேக்கேன். எத்தன மணிக்குப் போவணும்?"

"பத்துக்கு."

"பத்துன்னா பத்து. கொடைய எடுத்துக்கோ."

"கொடைய நீங்க பிடிங்க. எனக்குக் கையில பூ இருக்கும்."

போனை எங்கோ வைத்துவிட்டார்கள். தையல் மிஷின் மேலாக இருக்கலாம், குரல்கள் மரத்தின் வழியாக வந்தன. எந்தப் பூ, எந்தச் சேலை, பெரியம்மாவின் பேத்திக்கு என்ன வாங்கிப் போவது. கோவில்பட்டிக்குப் போய் யாராவது கடலைமிட்டாய் வாங்கிக் கொடுப்பார்களா என்று அம்மா கத்தினாள். அப்பா சிரித்தார். அவர் சிரிப்பு மேல்ஸ்தாயியில் உடையும் என்பதை மறந்துபோயிருந்தேன்.

"ஹலோ" என்றேன்.

கதவு பூட்டும் சத்தம். பிறகு மின்விசிறி மட்டும். அணைக்காமல் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் அந்த மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். துண்டித்தேன். முதல்வர் அறைக்குப் போய், திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன்.